படுக்க ஓர் இடம்

'சொர்க்கவாசல்' என்கிற சிறைப் படம் முடிந்ததும் சித்தப்பா சொன்னது ஒன்றுதான். "எல்லாரும் நின்னுகினே இருக்கானுங்கமா. உள்ள யாரு அப்டி நிக்கிறா? படுக்க எடம் புடிக்கிறதுதான் அங்க நாள் முச்சூடும் வேல."

சித்தப்பா துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரிகளில் கிளீனராக இருந்தவர். பிறகு லோடு வேலை. வியாசர்பாடியில் ஒரு தெருச் சண்டை வழக்கில் அவர் பெயரும் சேர்க்கப்பட்டு, ரிமாண்டில் உள்ளே போனார். வழக்கு வாய்தா மேல் வாய்தாவாக இழுத்து, கடைசியில் விடுதலையானார். எந்த ஸ்டேஷன், எந்தச் சிறை என்று எழுதப் போவதில்லை. அவர் அப்படித்தான் கேட்டுக்கொண்டார்.

அவர் சொன்னதைக் கேட்ட பிறகு தமிழ்ச் சிறைப் படங்களையெல்லாம் மறுபடி தேடிப் பார்த்தேன். நம் படங்களில் சிறை என்றால் பகல். மைதானம், தட்டு ஏந்திய வரிசை, நடுவில் ஒரு சண்டை. இரவுக் காட்சி வந்தாலும் யாராவது யாரையாவது குத்துவதற்காகத்தான் வருகிறது. ஆனால் நெரிசல் என்பது இரவின் பிரச்சினை. பகலில் மரத்தடி இருக்கிறது, வராந்தா இருக்கிறது, கோர்ட்டுக்குப் போனவர்கள் போக மிச்சம் பேர்தான் இருப்பார்கள். சாயங்காலம் தலை எண்ணி அடைத்தால் மறுநாள் காலையில்தான் கதவு திறக்கும். அந்த இடைப்பட்ட நேரத்தில் ஓர் ஆளுக்கு எத்தனை சாண் தரை கிடைக்கிறது என்பதுதான் நெரிசல்.

அதற்காகப் படங்களை ஒதுக்கிவிட முடியாது. எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு தெருவிலும் யாரோ ஒருவர் உள்ளே போய் வந்திருப்பார். ஆனால் வந்தவர்கள் பேசமாட்டார்கள். பேச்சைத் தொடங்கிக் கொடுத்தது சினிமாதான். சித்தப்பாவும் டிவியில் படம் ஓடும்போதுதான் வாயைத் திறப்பார்.

முதலில் அவர் பேசியது 'மகாநதி'யைப் பார்த்து. 1994இல் வந்த படம். திருநாகேஸ்வரத்துக்காரர் கிருஷ்ணசாமி சீட்டுக் கம்பெனி மோசடியில் மாட்டி, சென்னை மத்திய சிறைக்குப் போகிறார். அங்கே பூர்ணம் விஸ்வநாதன் நடித்த பஞ்சாபகேசன் என்கிற பெரியவர் அவருக்குத் துணையாக இருக்கிறார். உள்ளே நடக்கும் கொடுமை ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தப் படம் என்னை உலுக்கியது வேறு இடத்தில். அவர் உள்ளே இருக்கும் காலத்தில் வெளியே குடும்பம் சிதறிப்போகிறது. மகன் தெருவில், மகள் கல்கத்தாவில் பாலியல் தொழில் நடக்கும் சோனாகாச்சியில். தண்டனை ஒருவருக்கு, அனுபவித்தது மொத்த வீடும் என்பதை இவ்வளவு அழுத்தமாகச் சொன்ன தமிழ்ப் படம் எனக்குத் தெரிந்து இன்னொன்று இல்லை. சித்தப்பா பேசியதும் அதைப் பற்றித்தான். தன்னை அடித்ததைச் சொல்லவில்லை. "ஒங்க சித்தி ரேஷன் கடைக்குப் போனாளான்னு தெரியாம படுத்துகினு இருப்பேன்" என்றார்.

அந்த மத்திய சிறை இப்போது இல்லை. சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், 1837இல் கட்டியது. 2006இல் கைதிகளைப் புழலுக்கு மாற்றினார்கள், 2009இல் இடித்தார்கள். இன்று அங்கே மருத்துவக் கல்லூரிக் கட்டடம் நிற்கிறது. இடிப்பதற்கு முன் பொதுமக்கள் பார்க்கத் திறந்துவிட்டபோது அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு போனார். நான் அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். திருவிழாக் கூட்டம். அண்ணாவும் கலைஞரும் அடைபட்டிருந்த இடம் எது என்று கேட்டுக்கொண்டு நிறையப் பேர் போனார்கள். ஆனால் எங்களுக்கு முன்னால் போன ஓர் அம்மா யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. ஒரு செல்லுக்குள் நுழைந்து, தரையைக் கையால் தடவிப் பார்த்தார். அவருடைய மகனோ, வீட்டுக்காரரோ. தலைவர்கள் இருந்த சிறை என்று எழுதி வைக்கலாம். அந்த அம்மாவுடைய ஆளின் பெயரை யார் எழுதி வைப்பார்கள் என்று அப்பா திரும்பும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார்.

தலைவர்கள் பட்டதும் கொஞ்சமல்ல. எமர்ஜென்சியில் மிசாவில் பிடித்துப் போடப்பட்ட திமுகவினரை இதே சிறையில்தான் அடித்தார்கள். முன்னாள் மேயர் சிட்டிபாபு 1977 ஜனவரியில் இறந்துபோனார். அங்கே நடந்தவற்றை நீதிபதி எம்.எம்.இஸ்மாயில் கமிஷன் விசாரித்தது. 'சொர்க்கவாசல்' படத்தில் விசாரணை நடத்தும் அதிகாரிக்கும் இஸ்மாயில் என்றுதான் பெயர்.

அந்தப் படம் தொட்டிருப்பது 1999 நவம்பரில் நடந்த கலவரத்தை. பாக்ஸர் வடிவேலு என்ற கைதி இறந்தார். உள்ளே கொந்தளித்தது. துணை ஜெயிலர் ஜெயக்குமாரைக் கொன்றார்கள். பிறகு போலீஸ் சுட்டதில் கைதிகள் பலர் செத்தார்கள். எங்கள் பக்கத்தில் அந்த நாளைப் பற்றிக் கேட்டால் ஆளுக்கொரு கதை வரும், ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது. படத்தை எடுத்த சித்தார்த் விஸ்வநாத் இதைப் புரிந்துகொண்டிருக்கிறார். நடந்ததை ஒரே ஆளின் வாயால் சொல்லாமல், விசாரணையில் ஒவ்வொருவரும் தன் பங்குக்குச் சொல்கிற மாதிரி அமைத்திருக்கிறார். ஆர்.ஜே.பாலாஜி நடித்த பார்த்திபன் ரோட்டோரத்தில் சாப்பாட்டுக் கடை போடுகிறவன். செய்யாத கொலைக்காக உள்ளே வருகிறான். அவன் பயம்தான் படத்தின் பலம். வாட்டசாட்டமான நாயகன் வந்து நாலு பேரை அடித்து இடம் பிடிக்கிற கதை இல்லை. ஒரு சாதாரண ஆள் எவ்வளவு சீக்கிரம் வேறு ஆளாக ஆக்கப்படுகிறான் என்கிற கதை. அவன் கெட்டுப்போகவில்லை, கெடுக்கப்படுகிறான்.

'வட சென்னை' வேறு ரகம். 2018இல் வந்தபோது எங்கள் ஏரியா முழுக்க தியேட்டரில்தான் இருந்தது. அதில் சிறை என்பது தாதாக்களின் அரசாங்கம். யார் பிளாக் எது, கஞ்சா எப்படி உள்ளே வருகிறது, யார் பக்கம் சேர்ந்தால் பிழைக்கலாம் என்று நுணுக்கி நுணுக்கிக் காட்டியிருப்பார் வெற்றிமாறன். கேரம் போட்டிக் காட்சியை மறக்கவே முடியாது. நாயகன் அன்பு ஆடிக்கொண்டிருக்கும்போதே தாதா செந்திலைக் குத்துகிறான். கேரம் எங்களுக்கு விளையாட்டு மட்டும் இல்லை. தெருமுனைக் கிளப்பில் பவுடர் வாசத்தோடு வளர்ந்த பிள்ளைகள் நாங்கள். 2024இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா எங்கள் வடசென்னைப் பெண், ஆட்டோ ஓட்டுநரின் மகள். ஒருவனைச் சிறையிலிருந்து மீட்டிருக்கக்கூடிய விளையாட்டு அந்தக் காட்சியில் கத்திக்கு உறையாகப் போகிறது. பார்க்கும்போது நெஞ்சு அடைத்தது.

ஆனாலும் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். குணா, செந்தில் என்று நாலு பேருக்குப் பின்னால் நூறு பேர் நிற்கிறார்களே, அவர்கள் யார்? அவர்களில் முக்கால்வாசிப் பேருக்குக் குற்றம் இன்னும் நிரூபிக்கப்படவே இல்லை என்பதை எந்த கேமராவும் திரும்பிப் பார்த்துச் சொல்லவில்லை.

முக்கால்வாசி என்பது நான் வாய்க்கு வந்தபடி சொன்ன கணக்கு இல்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022 கடைசியில் இந்தியச் சிறைகளில் 5,73,220 பேர் இருந்தார்கள். இருந்த இடம் 4,36,266 பேருக்குத்தான். அதாவது 100 பேர் படுக்க வேண்டிய இடத்தில் 131 பேர். அந்த 5.73 லட்சத்தில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்குத் தூக்கம் போய்விட்டது. விசாரணைக் கைதிகளை மட்டும் வைத்தே நாட்டின் எல்லாச் சிறைகளும் கிட்டத்தட்ட நிரம்பிவிடுகின்றன. தமிழ்நாட்டின் மொத்தக் கணக்கு 100க்குக் கீழேதான் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. ஆனால் மாநிலக் கணக்கு ஓர் அறையின் கணக்கைச் சொல்லாது. புழலில் தண்டனைக் கைதிகளுக்குத் தனி வளாகம், விசாரணைக் கைதிகளுக்குத் தனி, பெண்களுக்குத் தனி. ஒரு பக்கம் இடம் கிடக்கிறது என்பதற்காக இன்னொரு பக்கத்து ஆள் அங்கே போய்ப் படுக்க முடியாது.

இதற்கு மேல் குண்டாஸ். 1982ஆம் வருஷத்துச் சட்டம். விசாரணையே இல்லாமல் 12 மாதம் வரை உள்ளே வைக்கலாம். எங்கள் தெருக்களில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த வார்த்தை அது. 2004இல் சினிமாக்காரர்கள் கேட்டுக்கொண்டதன் பேரில் திருட்டு விசிடி விற்பவர்களையும் அதில் சேர்த்தார்கள். பர்மா பஜாரில் சிடி விற்றுக்கொண்டிருந்த பையனையும் வெட்டுக்குத்து ரவுடியையும் ஒரே சட்டத்தில் உள்ளே தள்ள முடிந்தது. உயர் நீதிமன்றம் பல குண்டாஸ் உத்தரவுகளை ரத்து செய்கிறது. அதற்குள் மாதங்கள் ஓடியிருக்கும். சிறைக் கதையை இவ்வளவு ஆசையாகப் படமெடுக்கும் நம் சினிமா இதைப் பற்றியும் யோசிக்க வேண்டும்.

சித்தப்பா சொன்ன இரவுக்கு வருகிறேன்.

புதிதாக வருகிறவனுக்குக் கக்கூஸ் பக்கம்தான் இடம். வேறு யாராவது பெயிலில் போனால் ஒரு படி உள்ளே நகரலாம். இப்படி நகர்ந்து நகர்ந்து சுவர் ஓரம் வந்துவிட்டால் அவன் பணக்காரன். சுவர் ஓரத்தில் முதுகு சாய்க்கலாம், ஒரு பக்கமாவது மற்றவன் கால் படாது. மல்லாந்து படுக்க இடமில்லை, ஒருக்களித்துத்தான். ஒருவன் திரும்பினால் வரிசையே திரும்ப வேண்டும். வெயில் காலத்தில் தரை ஈரமாகும், தண்ணியால் இல்லை, வேர்வையால். சொறி ஒருத்தனுக்கு வந்தால் எல்லோருக்கும் வரும். ராத்திரியில் ஒன்றுக்குப் போக எழுந்தவன் திரும்பி வரும்போது அவன் இடம் மூடியிருக்கும். அதனால் சாயங்காலத்துக்கு மேல் தண்ணீரே குடிக்கமாட்டாராம். விடுதலையாகி இத்தனை காலம் ஆன பிறகும் ஆறு மணிக்கு மேல் அவர் சொம்பைத் தொடுவதில்லை. சர்க்கரை வியாதிக்காரர், டாக்டர் திட்டுகிறார்.

அந்த அறையில் ஒரு தாத்தா இருந்தாராம். முட்டி மடங்காது. உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது. ஏதோ இடத் தகராறு வழக்கு, மனு போட்டு வந்து பார்ப்பதற்கும் யாரும் இல்லை. சித்தப்பா போன அன்று அவர் கக்கூஸ் பக்கத்தில் இருந்தார். சுவர் ஓரத்தில் இருந்தவன் பெரிய கேஸ்காரன், ஏரியாவில் பெயர் சொன்னாலே பயப்படுவார்கள். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, அந்த ஆள் எழுந்து போய்த் தாத்தாவைத் தோளைப் பிடித்துத் தூக்கி வந்து தன் இடத்தில் சாய்த்து உட்காரவைத்தான். ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் போய் நடு வரிசையில் படுத்துக்கொண்டான். அதற்குப் பிறகு அந்த இடத்தை யாரும் கேட்கவில்லை. தாத்தாவுக்கு யார் பிஸ்கட் கொடுப்பது, யார் தண்ணீர் பிடித்து வைப்பது என்பதெல்லாம் தானாக நடந்தது. மனுவுக்கு ஆள் வந்தவன் வராதவனுக்குக் கொடுக்க வேண்டும் என்பது எழுதாத சட்டம்.

"அவன் நல்லவனா சித்தப்பா?" என்று கேட்டேன்.

"நல்லவன் கெட்டவன்லாம் தெரியாதும்மா. அவனும் அன்னிக்கு ஒருக்களிச்சித்தான் படுத்தான்."

இந்த மாதிரி ஒன்று நீதிமன்ற வரலாற்றிலேயே இருக்கிறது. திகார் சிறையில் தூக்குத் தண்டனைக் கைதியாக இருந்த சுனில் பத்ரா, தன் வழக்குக்காக இல்லாமல், வார்டர் ஒருவன் இன்னொரு கைதியைக் கொடுமைப்படுத்தியதற்காக உச்ச நீதிமன்ற நீதிபதிக்குக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதத்தையே மனுவாக எடுத்துக்கொண்டது நீதிமன்றம். 1979 டிசம்பரில் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பு அது. சிறைக்குள் போனாலும் மனிதனுக்கு அடிப்படை உரிமை உண்டு என்பது அதிலிருந்து உறுதிப்பட்டது. தன் தலைக்கு மேல் கயிறு தொங்கும்போது பக்கத்து ஆளுக்காகப் பேனா எடுத்தவனைப் பற்றி நம் ஊரில் ஒரு படம் வரக்கூடாதா? கிருஷ்ணய்யர் 1948இல் தானே சிறையில் இருந்தவர். தரையில் படுத்தவருக்குத் தரை தெரியும்.

உள்ளே எப்படிப் போகிறார்கள் என்பதை இரண்டு படங்கள் நன்றாகச் சொல்லியிருக்கின்றன. 'விசாரணை'யில் சிறையே கிடையாது, ஸ்டேஷன்தான். ஆட்டோ ஓட்டுநர் மு.சந்திரகுமார் குண்டூரில் தான் பட்டதை எழுதிய 'லாக்கப்' நாவலிலிருந்து வந்த படம். பூங்காவில் படுத்துத் தூங்கும் தமிழ்ப் பையன்கள், கேட்க நாதியில்லை என்பதாலேயே பிடிபடுகிறார்கள். 'ஜெய் பீம்' முதல் காட்சியோ சிறை வாசலிலேயே நடக்கிறது. வெளியே வருகிறவர்களிடம் என்ன சாதி என்று கேட்டு, சிலரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, சிலரை வேறு வழக்குப் போட அங்கேயே நிறுத்திவைக்கிறார்கள். பார்த்தவர்கள் மிகை என்றார்கள். பாளையங்கோட்டைச் சிறையில் சாதிவாரியாகப் பிரித்து வைத்திருந்ததை 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றமே தன் தீர்ப்பில் குறிப்பிட்டு, சிறைக்குள் சாதி பார்ப்பது அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்றது.

வெளியே வருவது எப்படி என்பதைத்தான் யாரும் எடுக்கவில்லை. சிறை நிரம்புவது அங்கேதான்.

சித்தப்பாவுக்குப் பெயில் கிடைத்த அன்று தெருவில் சாக்லேட் கொடுத்தோம். ஆனால் அவர் வரவில்லை. இரண்டு பேர் ஜாமீன் நிற்க வேண்டும், அதில் ஒருவர் ரத்த சொந்தம். வீட்டு வரி ரசீது அல்லது சம்பளச் சான்று வேண்டும். நாங்கள் இருப்பது வாரிய வீடு, ஒதுக்கீடு செத்துப்போன தாத்தா பெயரில். அப்பா தினக்கூலி. மாமா வாடகை வீடு. ஊரில் பெரியப்பாவுக்குக் கொஞ்சம் நிலம் உண்டு, அது வேறு மாவட்டம், அதனால் ஆகாது என்றார்கள். கடைசியில் சித்தி வீட்டு வேலை செய்யும் இடத்தில் இருந்த ஓர் அம்மா, ரிட்டயர்டு டீச்சர், தானே கோர்ட்டுக்கு வந்து கையெழுத்துப் போட்டார். அதுவரை பெயில் ஆர்டர் கையில் இருக்க, சித்தப்பா ஒருக்களித்துப் படுத்துக்கொண்டிருந்தார்.

வேறு மாவட்டம் என்று சொன்னார்களே, அதைப் பின்னால் படித்தபோது எனக்குக் கை நடுங்கியது. 1978இல் மோத்தி ராம் என்ற கொத்தனார் வழக்கில் இதே கிருஷ்ணய்யர் இதைத்தான் கண்டித்திருக்கிறார். அந்தக் கொத்தனாரிடம் 10,000 ரூபாய்க்கு ஜாமீன் கேட்டு, அண்ணன் தம்பி சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று தள்ளியிருக்கிறார் மாஜிஸ்திரேட். ஏழைக்கு எட்டாத ஜாமீன் கேட்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லி நான் பிறப்பதற்கு முன்பே எத்தனையோ காலம் ஆகிவிட்டது.

இப்போது சில கதவுகள் திறந்திருக்கின்றன. பெயில் கிடைத்து ஏழு நாளில் ஒருவர் வெளியே வரவில்லை என்றால் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2023 ஜனவரி 31 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஏழைக் கைதிகளுக்கு ஜாமீன் கட்டப் பணம் கொடுக்கும் மத்திய அரசுத் திட்டமும் அதே வருஷம் வந்தது. புதுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 479ஆம் பிரிவின்படி, சில வகை வழக்குகள் தவிர, முதல் முறை வழக்கில் சிக்கியவர் அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கை உள்ளேயே கழித்துவிட்டால் விட வேண்டும். எங்கள் தெருவில் இதையெல்லாம் அறிந்தவர்கள் ரொம்பக் குறைவு. ஒரு படத்தில் ஒரே ஒரு வசனமாக வந்தால் போதும், வடசென்னை முழுக்கத் தெரிந்துவிடும்.

எனக்கு அந்தப் படம் வேண்டும். ஒரே நாள் கதை. கையில் பெயில் ஆர்டரோடு ஒரு பெண் காலையில் கிளம்புகிறாள், சாயங்காலம் அடைப்பதற்குள் இரண்டு கையெழுத்து வாங்கிச் சிறையில் சேர்க்க வேண்டும். எவ்வளவு பரபரப்பான கதை! வசனம் எழுதக்கூட வெளியே போக வேண்டாம். தெருவில் யார் பிள்ளை உள்ளே போனாலும் முதலில் எங்கள் சித்தியிடம்தான் வருகிறார்கள். போன வாரம்கூட ஒரு பெண் கைக்குழந்தையோடு வந்தாள். சித்தி அழாதே என்றெல்லாம் சொல்லவில்லை. பழைய பிளாஸ்டிக் கவரிலிருந்து பேப்பரை எடுத்து விரித்து வைத்துக்கொண்டு சொன்னாள்: "ரேஷன் கார்டு ஒரிஜினல் எடுத்துக்கோ. ஆதார் ஜெராக்ஸ் நாலு, போட்டோ நாலு. லீகல் எய்டு ஆபீஸ் கோர்ட்லயே இருக்குது, காசு கேக்க மாட்டாங்க. ஆர்டர் சாய்ந்தரம் அடைக்கிறதுக்கு முன்னாடி போய்ச் சேரணும், அதனால எட்டு மணிக்கே ரெடியா இரு. நானும் வரேன்."